லெ ஷாம்போன் சபையின் விருந்தாளிகள்

1940–41 குளிர்காலம். பிரான்சின் துறைமுக நகரான மார்செய்யில் இரண்டு பேர் சந்தித்துப் பேசினார்கள். ஒருவர் ஆந்த்ரே த்ரோக்மே, மலைமேல் உள்ள ஒரு சிற்றூரின் புரொட்டஸ்டன்ட் போதகர். மற்றவர் பர்ன்ஸ் சால்மர்ஸ், நிவாரண வேலைக்காக வந்திருந்த அமெரிக்கக் குவேக்கர். பிரான்ஸ் ஹிட்லரிடம் தோற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நாட்டின் தென்பகுதியை ஆண்ட மார்ஷல் பெத்தேனின் விஷி அரசு, ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த யூதர்களைக் கூர், ரிவ்சால்ட் போன்ற முகாம்களில் முள்வேலிக்குள் அடைத்து வைத்திருந்தது. அங்கே சேறும் பசியும் நோயும்தான். அந்த முகாம்களில் ஊழியம் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு த்ரோக்மே வந்திருந்தார்.

சால்மர்ஸ் அவரிடம் வேறொன்றைக் கேட்டார். முகாமுக்குள் வேலை செய்ய ஆட்கள் கிடைக்கிறார்கள். குழந்தைகளை வெளியே கொண்டுவரவும் வழி இருக்கிறது. ஆனால் வெளியே வந்த குழந்தைகளை ஏற்று வைத்துக்கொள்ள ஊர்தான் கிடைக்கவில்லை. உங்கள் ஊர் அப்படி ஓர் ஊராக இருக்குமா? வீடு பிடிப்பது, சாப்பாடு போடுவது, படிக்க வைப்பது எல்லாம் உங்கள் ஊர் பொறுப்பு. செலவுக்குப் பணம் நாங்கள் தேடித் தருகிறோம்.

தனியாக ஒரு போதகர் சம்மதம் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமல்ல இது. த்ரோக்மே ஊருக்குத் திரும்பிச் சபை மூப்பர்களிடம் சொன்னார். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளில் அந்த ஊரும் அதைச் சுற்றியுள்ள பண்ணைகளும் செய்தது, கிறிஸ்தவ சபைகளின் வரலாற்றில் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டிய காரியம்.

ஊரின் பெயர் லெ ஷாம்போன்-சுர்-லின்யோன். தென்கிழக்கு பிரான்சில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். உருளைக்கிழங்கும் ரை தானியமும் விளையும், மாடு வளர்ப்பார்கள். குளிர்காலத்தில் வழியை மறைக்கும் அளவுக்குப் பனி பெய்யும். பனியை வாரி இறைக்கும் வடகாற்றுக்கு அந்தப் பக்கத்தில் தனிப் பெயரே உண்டு. கத்தோலிக்கர் நிறைந்த பிரான்சில் இந்த மேட்டுநிலத்தில் புரொட்டஸ்டன்டுகள் பெருந்திரளாக வாழ்ந்தார்கள். அதற்கும் ஒரு பழைய கதை உண்டு. 1685-ல் பதினான்காம் லூயி அரசர் அவர்களுடைய வழிபாட்டு உரிமையை ரத்து செய்தார். போதகர்கள் தூக்கிலிடப்பட்டார்கள், ஆராதனைக்குப் போன ஆண்கள் கப்பல் துடுப்பு வலிக்கும் தண்டனைக்கு அனுப்பப்பட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் இவர்கள் காட்டிலும் குகையிலும் ஒளிந்து ஜெபித்தவர்கள். போதகரைப் பரணில் மறைத்து வைத்தவர்கள். தாத்தா பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அரசாங்கம் துரத்தும் மனிதன் கட்டாயம் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை என்பது தெரிந்தே இருந்தது.

விருந்தாளிகளும் அந்த ஊருக்குப் புதிதல்ல. 1893 முதலே செந்தெத்தியேன் நகரின் சுரங்க, ஆலைத் தொழிலாளர்களின் நோஞ்சான் பிள்ளைகளை மலைக்காற்றுக்காக இங்கே அனுப்பும் ஒரு சபைப் பணி நடந்துவந்தது. விவசாயக் குடும்பங்கள் கோடையில் அந்தப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளும். ஊரில் தங்கும் விடுதிகள் பல இருந்தன. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரிலிருந்து ஓடிவந்தவர்களும் இங்கே தங்கியிருந்தார்கள். ஆகவே 1940-ல் யாரும் வானத்திலிருந்து புதிய குணம் எதையும் பெற்றுவிடவில்லை. ஏற்கெனவே பழகிய கை, இம்முறை ஆபத்தான ஒன்றைச் செய்தது.

த்ரோக்மே 1934-ல் இந்தச் சபைக்கு வந்தார். அவருடைய மனைவி மக்தா இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தவர். அவரே அந்த ஊருக்கு வெளியாள்தான். 1938-ல் த்ரோக்மேயும் எதுவார் தேய்ஸ் என்ற மற்றொரு போதகரும் சேர்ந்து சமாதானக் கொள்கையின் அடிப்படையில் ஒரு மேல்நிலைப் பள்ளி தொடங்கினார்கள். பிரான்ஸ் சரணடைந்த மறுநாள், 1940 ஜூன் 23 ஞாயிறு ஆராதனையில் இருவரும் பேசினார்கள். சுவிசேஷத்துக்கு விரோதமான எதையும் செய்யச் சொன்னால் கீழ்ப்படிய மாட்டோம். பகையோ பயமோ இல்லாமல் ஆவிக்குரிய வழியில் எதிர்த்து நிற்போம் என்பதே அந்தப் பிரசங்கத்தின் சாரம். அந்த ஆலயத்தின் வாசலுக்கு மேலே, ஒருவரையொருவர் நேசிக்கச் சொல்லும் இயேசுவின் கட்டளை கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்றும் பார்க்கலாம்.

பிரசங்கம் கேட்டு எழுந்து போவது எல்லாச் சபையிலும் நடப்பதுதான். இங்கே அது எப்படி வீட்டுக்கு வீடு காரியமாக மாறியது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

1940–41 குளிர்காலத்தில் ஒரு மாலை குருமனைக் கதவு தட்டப்பட்டது. மக்தா திறந்தார். மேலெல்லாம் பனி படிந்த ஒரு பெண் நின்றிருந்தார். ஜெர்மன் யூதர். உள்ளே வரலாமா என்று கேட்டார். வாருங்கள் என்றார் மக்தா. அடுப்பின் அருகே உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தார். அந்தப் பெண்ணின் காலணிகள் நனைந்து ஊறிப் போயிருந்தன. காய்வதற்காக அவற்றை அடுப்போடு வைத்தார்கள்.

இவருக்கு அடையாளத் தாள் வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்து மக்தா மேயரிடம் ஓடினார். மேயர் மறுத்துவிட்டார். ஒரு வெளிநாட்டுக்காரிக்காக ஊர் முழுவதையும் ஆபத்தில் தள்ளுவதா, அந்தப் பெண் உடனே ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றார். மக்தா வீடு திரும்பியபோது அடுப்போடு வைத்திருந்த காலணிகள் கருகிப் போயிருந்தன. போரின் நடுவே காலணியும் எளிதில் கிடைக்காத பொருள். வீடு வீடாகக் கேட்டு ஒரு ஜோடி வாங்கி வந்து, அந்தப் பெண்ணை வேறொரு பாதுகாப்பான வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

மேயர் பேசியதைக் கொடுமை என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நம் ஜனங்களை முதலில் பார்ப்போம், நம் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்ற கவலை எந்தச் சபைக் கமிட்டியிலும் நியாயமாகவே ஒலிக்கும் வாதம். பெரும்பாலான கதவுகள் வெறுப்பினால் மூடப்படுவதில்லை. இப்படிப்பட்ட பொறுப்புணர்ச்சியினால்தான் மூடப்படுகின்றன. மக்தா அன்று ஒரு பாடம் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எந்த அதிகாரியிடமும் அனுமதி கேட்கவில்லை.

சபையில் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருந்தது. ஊரின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த பதின்மூன்று இளம் பொறுப்பாளர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதகரோடு கூடி ஒரு வேதபகுதியைப் படிப்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் பகுதியில் சிறு கூட்டம் நடத்துவார். நம் ஊர்ச் சபைகளில் வீட்டுக்கூட்டம் நடக்குமே, கிட்டத்தட்ட அதுதான். மலைப் பிரசங்கத்தையும் நல்ல சமாரியன் உவமையையும் படித்த அதே கூட்டங்களில்தான், இந்த வாரம் வரும் இரண்டு பிள்ளைகளை எந்தப் பண்ணையில் வைப்பது, எந்தப் பாதை இப்போது பத்திரம் என்ற பேச்சும் நடந்தது. ஒரு குழுவுக்குத் தெரிந்தது மற்றொரு குழுவுக்குத் தெரியாது. பட்டியல் எதுவும் எழுதி வைக்கவில்லை. யார் வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. உபாகமம் 19-ஆம் அதிகாரத்தில் வரும் அடைக்கலப் பட்டணங்களைப் பற்றித் த்ரோக்மே பிரசங்கித்தார். குற்றமில்லாத இரத்தம் ஊரில் சிந்தப்படாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்த ஊருக்கே உரியது என்ற அந்தப் பகுதியின் போதனையை அவருடைய சபை தன்னைக் குறித்ததாகவே எடுத்துக்கொண்டது.

1941-ல் சுவிஸ் நிவாரண அமைப்பு ஒன்று லா கெஸ்பி என்ற வீட்டில் குழந்தைகள் இல்லம் தொடங்கியது. தொடர்ந்து மேலும் பல இல்லங்கள் வந்தன. சிமாத் என்ற புரொட்டஸ்டன்ட் இளைஞர் அமைப்பு முகாம்களிலிருந்து மீட்டவர்களுக்காக ஓர் இல்லம் நடத்தியது. ஆபத்து முற்றியபோது அவர்களைச் சுவிஸ் எல்லை தாண்டிக் கூட்டிப்போனது. அண்டை ஊர்ப் போதகர்களும் இதில் இருந்தார்கள். கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். மேட்டுநிலமெங்கும் பரவியிருந்த பிரதரன் சபையார் தங்கள் பங்குக்கு ஓசையில்லாமல் உழைத்தார்கள். ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும்போது, ‘பழைய ஏற்பாட்டுப் புத்தகங்கள்’ அனுப்புகிறோம் என்று சங்கேதமாகச் சொல்வதும் உண்டாம்.

அகதிப் பெண் ஒருவர் பண்ணை வீடொன்றுக்கு முட்டை வாங்கப் போனார். நீங்கள் யூதரா என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு உடம்பு நடுங்கியது. அந்த அம்மாளோ மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்துத் தன் குடும்பத்தாரை அழைத்தார். கீழே வந்து பாருங்கள், தேவன் தெரிந்துகொண்ட ஜனத்தில் ஒருவர் நம் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று பூரித்துப் போனார். வேதாகமத்தில் தினமும் வாசித்த மக்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதில் அவருக்கு அத்தனை மகிழ்ச்சி. வந்தவர்களை மதம் மாற்றும் வாய்ப்பாக அந்தச் சபை இதைப் பயன்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊரில் யூதர்கள் தங்கள் முறைப்படி வழிபட்டார்கள்.

அன்பு காட்டுவதற்கு அன்பு மட்டும் போதாது. ரேஷன் அட்டை இல்லாமல் ரொட்டி வாங்க முடியாது. அடையாள அட்டை இல்லாமல் ரேஷன் அட்டை கிடையாது. யூதப் பெயருள்ள அட்டை மரணத்துக்குச் சமம். ஆகவே போலி அட்டைகள் தேவைப்பட்டன. அவற்றைத் தயாரித்தவர்களில் கைதேர்ந்தவர் அகதியாக வந்த யூத இளைஞர் ஒருவர்தான். பண்ணை வீட்டில் தங்கி இரவில் அட்டைகளைச் செய்து, தாள்களையும் முத்திரைகளையும் தேனீப் பெட்டிகளுக்குள் ஒளித்து வைத்தார். அடைக்கலம் பெற்றவரே அடைக்கலம் கொடுப்பவராகவும் ஆனார். பள்ளியிலும் இப்படித்தான்: வேலை பறிபோன யூத ஆசிரியர்கள் அங்கே பாடம் நடத்தினார்கள், மாணவர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. போலித் தாள் என்பது பொய்தானே என்ற உறுத்தல் த்ரோக்மேக்கு இருந்தது. உயிரா, உண்மைத் தாளா என்ற நிலை வந்தபோது அவர் உயிரின் பக்கம் நின்றார். உறுத்தலையும் மறைக்கவில்லை.

பணமும் இதில் இருந்தது. தங்கியவர்களில் வசதி உள்ளவர்கள் வாடகை கொடுத்தார்கள். குழந்தைகள் இல்லங்களுக்கு வெளிநாட்டு உதவி வந்தது. இதைக் காட்டி அந்த ஊரின் பெருமையைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டவரும் பிடிபட்டால் தண்டனைக்குத் தப்ப முடியாது. காட்டிக்கொடுக்க வாய்ப்பிருந்தும் அவர்கள் காட்டிக்கொடுக்கவில்லை. அதுவே போதிய பதில்.

1942 ஆகஸ்ட் 10-ல் விஷி அரசின் இளைஞர் நலத் துறைத் தலைவர் லாமிரான் ஊருக்கு வந்தார். வழிபாடு முடிந்ததும் மூத்த மாணவர்கள் சிலர் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். பாரிசில் யூதர்கள் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டதை அறிந்தோம். எங்களிடையே யூதர்கள் இருக்கிறார்கள். இங்கேயும் அது நடந்தால் அவர்களை மறைத்து வைக்க எங்களால் முடிந்ததைச் செய்வோம் என்பது கடிதத்தின் செய்தி. வந்திருந்த மாவட்ட அதிகாரி கோபப்பட்டார். அவரிடம் த்ரோக்மே, எங்களுக்கு யூதர் யார் என்று தெரியாது, மனிதர்களைத்தான் தெரியும் என்ற பொருளில் பதில் சொன்னார்.

இரண்டு வாரத்தில் போலீஸ் பேருந்துகள் வந்து ஊர்ச் சதுக்கத்தில் நின்றன. பெயர்ப் பட்டியல் கேட்டார்கள். த்ரோக்மே தர மறுத்தார். வாரக்கணக்கில் வீடு வீடாகத் தேடினார்கள். பண்ணைகளுக்கும் காடுகளுக்கும் செய்தி முன்பே போயிருந்தது. போலீஸ் புறப்படும் முன்பே குருமனைக்குப் பெயர் சொல்லாத தொலைபேசி அழைப்பு வந்துவிடும். போலீசுக்குள்ளேயே மனசாட்சி உள்ள யாரோ இருந்திருக்க வேண்டும். கையில் சிக்கியவர்கள் மிகச் சிலர்தான். பிடிபட்ட ஒருவர் பெரிய பேருந்தில் தனியாக உட்கார வைக்கப்பட்டிருந்தார். போதகரின் மகன் தன்னிடம் இருந்த கடைசிச் சாக்லேட் துண்டைக் கொண்டுபோய் ஜன்னல் வழியாக நீட்டினான். அதைப் பார்த்து ஊராரும் வரத் தொடங்கினார்கள். பஞ்ச காலத்திலும் அவர் பக்கத்து இருக்கையில் தின்பண்டங்கள் குவிந்தன.

1943 பிப்ரவரி 13 மாலை, த்ரோக்மேயைக் கைது செய்ய இரண்டு அதிகாரிகள் குருமனைக்கு வந்தார்கள். அவர் வீட்டில் இல்லை. காத்திருந்தார்கள். இரவுச் சாப்பாட்டு வேளை வந்ததும் மக்தா அவர்களையும் மேசைக்கு அழைத்தார். கணவரைப் பிடித்துப் போக வந்தவர்களுக்குச் சோறு போட எப்படி மனம் வந்தது என்று பிற்காலத்தில் பலர் கேட்டார்கள். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. சாப்பாட்டு வேளை, அவர்கள் எதிரே நின்றார்கள், நாங்களும் பசியோடு இருந்தோம், இதில் என்ன இருக்கிறது என்பதே அவர் பதில். கைதுச் செய்தி பரவி ஊரார் வரிசையாக வந்து போதகரிடம் பொருள்களைக் கொடுத்தார்கள்: மத்தி மீன் டப்பா, மெழுகுவர்த்தி, கம்பளிக் காலுறை. யாரோ ஒருவர் கழிவறைக் காகிதச் சுருள் ஒன்றும் கொடுத்திருந்தார். முகாமில் பிரித்துப் பார்த்தால் அதில் பென்சிலால் வேதவசனங்கள் எழுதப்பட்டிருந்தன.

அன்று த்ரோக்மேயோடு தேய்ஸும், ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ரோஜே தார்சிசாக்கும் லிமோஜ் அருகே ஒரு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு, மார்ஷலின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிவேன் என்று கையெழுத்திட்டால் விடுதலை என்றார்கள். போதகர்கள் இருவரும் கையெழுத்திட மறுத்தார்கள். எப்படியோ அடுத்து வெகு சீக்கிரத்தில் அவர்களும் விடுவிக்கப்பட்டார்கள். பிறகு உயிருக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை வந்ததால் அதே ஆண்டு கோடையில் த்ரோக்மே தலைமறைவாகப் போக வேண்டியிருந்தது. போதகர் இல்லாத அந்த மாதங்களிலும் ஊரில் ஒரு வேலையும் நிற்கவில்லை. பொறுப்பு அத்தனை கைகளில் இருந்தது.

எல்லாம் தப்பித்த கதையல்ல. 1943 ஜூன் 29 காலை ஜெர்மன் ரகசியப் போலீசான கெஸ்டபோவின் ஆட்கள் மாணவர் விடுதி ஒன்றில் நுழைந்தார்கள். விடுதியின் பொறுப்பாளர் டேனியல் த்ரோக்மே, போதகரின் உறவினர். தப்பிப் போகச் சிலர் சொல்லியும் மாணவர்களை விட்டுப் போக மறுத்தார். அவரையும் பதினெட்டு மாணவர்களையும் பிடித்தார்கள். செய்தி கேட்டு மக்தா ஓடிவந்தார். இடுப்பில் சமையல் ஏப்ரன் இருந்ததால் விடுதிச் சமையல்காரி என்று எண்ணி உள்ளே விட்டார்கள். மாணவர்களில் ஒருவர் ஸ்பெயின்காரர். சில வாரங்களுக்கு முன் லின்யோன் ஆற்றில் மூழ்கிய ஒரு ஜெர்மன் சிப்பாயை அவர் காப்பாற்றியிருந்தார். காயம் ஆறும் ஜெர்மன் சிப்பாய்கள் தங்கியிருந்த ஓட்டலுக்கு மக்தா நேராகப் போனார். சாட்சி சொல்ல வரச் சொன்னார். அவர்கள் வந்தார்கள். அந்த ஒரு மாணவர் விடுவிக்கப்பட்டார். மற்றவர்களில் பலர் வதைமுகாம்களிலிருந்து திரும்பவில்லை. டேனியல் 1944 ஏப்ரலில் போலந்தின் மைதானெக் முகாமில் இறந்தார். ஊர் மருத்துவர் ரோஜே லெ ஃபொரெஸ்தியே, ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஷ்வைட்சரோடு பணியாற்றியவர், 1944 ஆகஸ்டில் லியோன் அருகே மற்றக் கைதிகளோடு சுட்டுக் கொல்லப்பட்டார்.

எத்தனை பேர் காப்பாற்றப்பட்டார்கள்? 5,000 என்று நெடுநாளாகச் சொல்லப்பட்டுவருகிறது. பின்னாள் ஆய்வாளர்கள் சிலர் அதைவிடக் குறைவாகக் கணக்கிடுகிறார்கள். கணக்கு வைக்காததுதான் அந்த உயிர்களைக் காத்தது. 1990-ல் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் லெ ஷாம்போனையும் சுற்றியுள்ள ஊர்களையும் மொத்தமாகக் கௌரவித்தது. தனி மனிதர்களுக்கு அளிக்கும் மரியாதையை ஓர் ஊருக்கு அளிப்பது மிக அபூர்வம். அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்களிடம் கேட்டால் இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று பேச்சை முடித்துக்கொள்வார்களாம்.

புதிதாக வருகிறவர்களை எப்படி வரவேற்பது என்று இன்று சபைகளில் கருத்தரங்கு நடக்கிறது. வாசலில் வரவேற்புக் குழு நிற்கிறது. அதெல்லாம் நல்லதுதான். லெ ஷாம்போன் சபையாரைப் பார்த்தால் வேறொன்று விளங்குகிறது. வந்தவருக்குப் படுக்க இடம், பிள்ளைக்குப் பள்ளி, கைக்கு வேலை, காலுக்குச் செருப்பு என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் தன் பெயரில் எடுத்துக்கொண்டார். வேதபாடக் கூட்டம் அதற்கான பங்கீட்டு இடமாக இருந்தது.

இன்றும் அந்த ஊரில் புகலிடம் கேட்டு வரும் வெளிநாட்டவருக்கான இல்லம் ஒன்று இயங்குகிறது. 1943-ல் ரிவ்சால்ட் முகாமிலிருந்து பெற்றோருடன் இங்கே வந்து சேர்ந்த வியன்னா யூதச் சிறுவர் ஒருவர் பிற்காலத்தில் லியோனில் மருந்தாளுநராக வாழ்ந்து, 2020 டிசம்பரில் தன் 90-வது வயதில் காலமானார். பிள்ளைகள் இல்லாத அவர் தன் சொத்தில் ஏறத்தாழ 20 லட்சம் யூரோவை லெ ஷாம்போன் ஊருக்கு எழுதி வைத்திருந்தார். அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் கல்விக்கும் இளைஞர்களுக்கும் செலவிட வேண்டும் என்பது உயிலில் அவர் தெரிவித்த விருப்பம்.